சும்மா இருக்கத் தெரிந்தவர்

மனிதரில் ஒரு வகை உண்டு. உங்களுக்குத் தெரியாத வகையல்ல, தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். கூரை ஒழுகினால் கீழே சட்டி வைக்காமல் சொட்டு விழும் ஓசையை இரசிக்கிறவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெண்சாதி ஓடிவந்து சொன்னால், "காய்ச்சலைக் காய்ச்சலாக மட்டும் பார்" என்கிறவர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் எழும்பமாட்டார், அந்தப் பாலில் தனக்குத் தேநீர் வராது என்று தெரிந்தால் மாத்திரம் எழும்புவார். இவருக்குச் சலனமில்லாதவர் என்று பெயர். ஊர் வைத்த பெயரல்ல. அவரே வைத்துக்கொண்டது.

கல்முனைப் பக்கத்தில் முன்பு இந்த வகை இருக்கவில்லை. சோம்பேறிகள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் நேர்மையானவர்கள், சோம்பேறி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். கடல் ஊருக்குள் வந்து போனதன் பிறகுதான் சோம்பலுக்கு ஒரு தத்துவம் கிடைத்தது. கூடாரம் வந்தது, பால்மா வந்தது, தண்ணீர்த் தாங்கி வந்தது, கண்ணாடி ஏற்றிய வெள்ளை வாகனங்கள் வந்தன. அப்படி வந்த வாகனம் ஒன்றிலிருந்து மார்ட்டின் என்றொரு நெட்டையான வெள்ளைக்காரர் இறங்கினார். துக்கத்தில் இருக்கும் சனங்களுக்கு மனதை ஆறவைக்கும் வழி சொல்லிக்கொடுக்க வந்தவர். அவர் சொல்வதைத் தமிழில் சொல்வதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கல்முனைக்குடி ஷரிபுதீன் அந்த ஆளானார்.

மார்ட்டின் நல்ல மனிதர். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. விடிய எழும்பி ஒரு கறுப்பு நிற வட்டத் தலையணையில் கால்மடித்து இருப்பார், பிறகு எழும்பி நாள் முழுக்கச் சனங்களோடு சேர்ந்து மண் அள்ளுவார். ஷரிபுதீன் முதலாவதைக் கற்றுக்கொண்டார். இரண்டாவதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது மார்ட்டின் தன் தலையணையையும், ஒரு சின்னப் பித்தளை மணியையும், ஒரு பை நிறைய டீவீடீக்களையும் ஷரிபுதீனிடம் கொடுத்துவிட்டுப் போனார். கெட்ட காலம் ஜெஸீமாவுக்கு.

ஜெஸீமா ஷரிபுதீனின் மனைவி. அப்படிச் சொல்வதைவிட, ஷரிபுதீன் ஜெஸீமாவின் வீட்டுக்கு வந்து இருப்பவர் என்று சொல்வதுதான் இந்த ஊர் வழக்கு. பெண்ணுக்குத்தான் வீடு, வீட்டைச் சுற்றிய வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். ஜெஸீமாவுக்கு அவளுடைய வாப்பா சீதனமாகக் கொடுத்த வளவில் ஒரு கல்வீடும் ஒரு கிணறும் இருந்தன. வீட்டைக் கடல் கொண்டுபோயிற்று. வாப்பாவையும் கொண்டுபோயிற்று. கிணறு மட்டும் கிடந்தது, சேறும் உப்பும் யாரோ ஒருவருடைய சைக்கிள் சில்லுமாக.

அந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் சவர்த் தண்ணீர்தான் வரும். வாப்பா வெட்டிய அந்த ஒரு கிணற்றில் மட்டும் ஏதோ ஊற்றில் இளநீர் மாதிரித் தண்ணீர் வந்தது. அது திரும்பவும் வரவேண்டும் என்று ஜெஸீமா வாளி கட்டி இறைத்தாள். சேற்றை இறைத்தாள், உப்பை இறைத்தாள், மழை பெய்து நிரம்பினால் அதையும் இறைத்தாள். உள்ளங்கை தோலுரிந்து, காய்த்து, திரும்பவும் உரிந்தது. வளவுக்கு முன்னால் போகும் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆமினா உம்மா சிலவேளை வந்து கயிற்றில் ஒரு கை கொடுப்பாள்.

தகரக் கொட்டிலுக்குள் ஷரிபுதீன் தலையணையில் இருப்பார். முதுகு நேராக, கண் பாதி மூடி, முகத்தில் ஒரு புன்னகை. அந்தப் புன்னகையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். உங்களைப் பார்த்தும் சிரிக்காத, தன்னைப் பார்த்தும் சிரிக்காத, "இன்னும் நீ அங்கேயா நிற்கிறாய், பாவம்" என்று சொல்லுகிற புன்னகை அது.

"இஞ்சேருங்க, கயிறு அறுந்து போச்சு. ஒருக்கா வாங்களன்."

புன்னகை.

"உங்களத்தான்."

"ஜெஸீமா," என்பார் அவர், கண்ணைத் திறக்காமல். "கயிறு அறுந்தா அறுந்ததப் பாரு. ஏன் அறுந்த எண்டு மனசு ஓடுதே, அதையும் பாரு. புடிச்சுக்காத. விடு."

"நான் விட்டுத்தானே வாளி உள்ளுக்குப் போயிருக்கு!"

ஆமினா உம்மாவுக்கு இதைக் கேட்டால் பொறுக்காது. "அஞ்சு நேரமும் குனிஞ்சு நிமிரச் சொல்லியிருக்கு. இவருக்கு நிமிர்ந்து இருக்கிற பாதி மட்டும் போதுமாக்கும்," என்று வெற்றிலையைத் துப்புவாள். "சுபஹைத் தொழுதுபோட்டு இரிங்களன்" என்று ஜெஸீமாவும் சொல்லிப் பார்த்தாள். அது வேறு, இது வேறு என்றார். எப்படி வேறு என்று கேட்டால், கேள்வி கேட்கிறது யார் என்று தேடிப்பார்க்கச் சொன்னார். கேட்டது ஜெஸீமாதான். தேடிப்பார்க்க என்ன இருக்கிறது?

சலனமில்லாதவரின் இன்னொரு அடையாளம், அவர் படம் பார்க்கும் விதம். நீங்களும் நானும் படம் பார்ப்பது போல அவர் பார்க்கமாட்டார். பின்னேரம் பாண்டிருப்பிலிருந்து கனகசபாபதி சைக்கிளில் வருவார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், மனைவி இல்லாதவர், வீட்டில் கதைக்க ஆளில்லாதவர். இருவரும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருப்பார்கள். ஷரிபுதீன் டீவீடீயைச் சாரனில் துடைத்து, மணியை ஒரு தடவை அடித்து, "மாஸ்டர், கதைய எதிர்பார்க்கப்படாது. பார்க்கிறவர் இல்லாமப் பாருங்க" என்பார். கனகசபாபதி ஒருநாளும் மாஸ்டராக இருந்ததில்லை, ஆனாலும் மறுத்துச் சொல்லமாட்டார். படத்தில் ஒரு கிழவர் கோப்பையில் தேநீர் ஊற்றுவார். ஊற்றிக்கொண்டே இருப்பார். பிறகு மழை பெய்யும். பிறகு கிழவர் மழையைப் பார்ப்பார். கனகசபாபதி குறட்டை விடத் தொடங்கியிருப்பார். "ஆழமான நிலைக்குப் போயிட்டார்" என்று ஷரிபுதீன் மெதுவாகச் சொல்வார்.

இது ஆள் இருக்கும்போது. ஆள் இல்லாத பகல்களில், ஜெஸீமா கிணற்றடியில் நிற்கும்போது, அதே பெட்டியிலிருந்து வேறு சத்தம் வரும். அடி விழும், கண்ணாடி உடையும், ஒருவன் இன்னொருவனைப் பத்து வீட்டுக்குக் கேட்கும்படி சவாலுக்குக் கூப்பிடுவான். "போடு! அவன்ட மூஞ்சில போடு!" என்று தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். கதாநாயகனின் தாய் செத்தால் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்கும். மாதங்கள் கழித்து மணலுக்குள்ளிருந்து வாப்பாவின் மையித்து கிடைத்த அன்று ஜெஸீமா மண்ணில் விழுந்து அழுதபோது, "அலை வரும், போகும்" என்று சொன்ன அதே மூக்கு.

இனி வேலிக்கு வருவோம்.

கடல் போனபிறகு அந்தப் பக்கத்தில் எவருடைய வளவுக்கும் எல்லை இருக்கவில்லை. வேலி போயிற்று, வேலிக்கு நட்ட பூவரசு போயிற்று, இதுதான் எல்லை என்று சொல்லக்கூடிய வயதானவர்களிலும் பாதிப்பேர் போய்விட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர்மார் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வளவு வளவாக வந்தார்கள். இரண்டு வளவுக்கும் நடுவில் நிற்பார்கள். இந்தப் பக்கத்து ஆம்பிளையையும் அந்தப் பக்கத்து ஆம்பிளையையும் கூப்பிடுவார்கள். இருவரும் வாயைத் திறந்து எல்லையைச் சொல்லவேண்டும். ஒத்துப்போனால் கட்டை அடிப்பார்கள். முடிந்தது.

பக்கத்து வளவு ஸைனுலாப்தீனுடையது. தண்ணீர் உப்பாக இருந்த காலம் முழுக்க அந்த மனிதர் கிணற்றுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் ஜெஸீமா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "தண்ணி இனிப்பா வந்திட்டுப் போல" என்றார். அன்றைக்கே ஜெஸீமா கிணற்றிலிருந்து மூன்று முழம் அளந்து பார்த்துவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவள் கணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள்.

"கிணத்துக்கு அங்கால மூணு முழம். சொல்லுங்க பாப்பம்."

"எல்லை எண்டு ஒண்டு இல்ல, ஜெஸீமா. மனசு போடுற கோடு அது."

"மனசு போடட்டும். நீங்க வாயால போடுங்க. கிணத்துக்கு அங்கால மூணு முழம். அவ்வளவுதான். வேற ஒண்டும் கதைக்கத் தேவல்ல."

"ம்."

இந்த "ம்"மை நம்பி எத்தனை குடும்பங்கள் நாசமாயின என்று யாராவது ஆராய்ச்சி செய்யவேண்டும்.

மரைக்காயர்மார் வந்தார்கள். பெண்கள் முன்னுக்கு வரும் இடமில்லை அது. ஜெஸீமா கொட்டில் வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் நின்றாள். ஸைனுலாப்தீன் முதலில் பேசினார். அந்தக் கிணற்றில் ஒரு காலத்தில் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர் அள்ளியது, அள்ளும் பாதை தன் பக்கத்தால்தான் போனது, ஆகவே வேலி கிணற்றுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது, கிணறு தன் வளவுக்குள்தான் என்றார். பொய்யை இவ்வளவு சரளமாகச் சொல்ல அவருக்குத் தலையணை எதுவும் தேவைப்படவில்லை.

பெரிய மரைக்காயர் ஷரிபுதீனைப் பார்த்தார். "தம்பி, இவர் சொல்றது சரிதானா?"

ஷரிபுதீன் புன்னகை செய்தார்.

"சம்மதமா தம்பி?"

அவர் மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விட்டார். மூச்சு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். சீலைக்குப் பின்னால் ஜெஸீமா பல்லைக் கடித்துக்கொண்டு, "மூணு முழம், மூணு முழம்" என்று தனக்குள் ஓதினாள்.

இந்த ஊர் நிக்காஹ்வில் பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். பெண் பேசமாட்டாள். தலையைக் குனிந்து சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பாள். வெட்கம், பாவம், பேசாமல் இருக்கிறாள், ஆகவே ஓம் என்று அர்த்தம். அதே கணக்கில்தான் பெரிய மரைக்காயர் நாற்பது வயது ஷரிபுதீனின் மௌனத்தையும் எடுத்தார். "பேசாம நிக்கார். சம்மதம்தான். கட்டைய அடிங்க," என்றார். இப்படியாக ஒரு புதுப்பெண் மாதிரி நாணிக்கோணி நின்று, பெண்சாதியின் கிணற்றைப் பக்கத்து வீட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார் சலனமில்லாதவர்.

"என்ன செஞ்சிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள் ஜெஸீமா.

"நான் ஒண்டும் செய்யல்ல," என்றார் அவர். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

அதற்குப் பிறகு ஜெஸீமா ஒழுங்கை முனையிலிருந்த பொதுக் குழாயில் குடம் வைத்துத் தண்ணீர் சுமந்தாள். கல்வீடு திரும்பவும் எழும்பியது, அவளுடைய குடம் மட்டும் அதே குழாயடியில் நின்றது. தான் இறைத்து இனிப்பாக்கிய தண்ணீர் வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. முதலில் ஸைனுலாப்தீன், "வந்து அள்ளன் புள்ள, யாரு வேணாமெண்ட" என்றார். பிறகு வேலியில் விட்டிருந்த கடப்புக்குக் கதவு போட்டார். பிறகு கதவுக்குப் பூட்டுப் போட்டார். அது எதுவும் ஷரிபுதீனை அசைக்கவில்லை. குடத்தோடு வரும் பெண்சாதியைப் பார்த்து, "நடக்கிறதும் ஒரு தியானம்தான்" என்று சொல்லும் தைரியம்கூட அவருக்கு இருந்தது. குடத்தை அவர் தலையில் கவிழ்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? கவிழ்த்திருக்கலாம்தான். ஆனால் திரும்பவும் போய் நிரப்புவது யார்?

மரைக்காயர்மார் அடித்த கட்டையை யார் பிடுங்குவது என்று அவளும் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பது தொற்றும் நோய்.

யுத்தம் முடிந்ததாக வானொலி சொன்ன அந்த மே மாதத்துப் பகலில் கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். கனகசபாபதி வழமையான நேரத்துக்கு முன்பே வந்தார். சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். அவருடைய தங்கையும் பிள்ளைகளும் வன்னியில் இருந்தார்கள். கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. ஜெஸீமாவுக்கு அது தெரியும். தேநீரைக் கொடுத்துவிட்டு, "ஒண்டும் தெரிய வரல்லயா ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லப் புள்ள."

அவர் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஷரிபுதீன் மணியை அடித்துக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், அலை வரும், போகும். வாங்க, படம் பார்ப்பம்."

கனகசபாபதி அவருடைய முகத்தைப் பார்த்தார். கோப்பையைக் கவனமாகப் படியில் வைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவர் படம் பார்த்ததில்லை.

ஷரிபுதீன் தோளைக் குலுக்கினார். ஆள் போய்விட்டதால் கிழவர் தேநீர் ஊற்றும் படம் தேவையில்லை, மற்றப் படத்தைப் போட்டார். கதாநாயகன் கயிற்றில் கட்டுண்டு கிடக்கிறான், தங்கையை வில்லன் இழுத்துப்போகிறான், கயிறு ஒவ்வொரு இழையாக அறுகிறது, கடைசி இழை... அந்த நேரம் பார்த்து ஸைனுலாப்தீன் கிணற்றில் புதிதாகப் பூட்டிய மோட்டாரைப் போட்டார். கரண்டு இறங்கியது. படம் நான்கு பக்கமும் சுருங்கி, நடுங்கி, இருண்டது. டீவீடீ நின்றது.

மாமனாரின் மையித்து வந்தபோது எழும்பாதவர் எழும்பினார். கிணறு போனபோது எழும்பாதவர் எழும்பினார். தலையணை ஒரு பக்கம், மணி ஒரு பக்கம், அவிழ்ந்த சாரனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேலியடிக்குப் பறந்தார்.

"டேய் ஸைனுலாப்தீன்! நிப்பாட்டுடா மோட்டர! யாரக் கேட்டுப் பூட்டின? யார்ர கிணறுடா அது? எங்கட கிணறுடா!"

ஒழுங்கை முழுக்க வந்துவிட்டது. வெடிச் சத்தத்தைக் கேட்க வெளியே வந்திருந்தவர்களுக்கு இது இன்னும் நல்ல வெடியாக இருந்தது. அஸர் தொழப் போய்க்கொண்டிருந்த பெரிய மரைக்காயரும் நின்றுவிட்டார்.

"என்ன மச்சான் இது," என்றார் ஸைனுலாப்தீன், மிக அமைதியாக. "மரைக்காயர் கேக்கக்குள்ள நீங்க சம்மதிச்சுத்தானே நிண்டீங்க. இப்ப என்ன புதுக்கதை?"

பெரிய மரைக்காயரும் தலையாட்டினார். "ஓம் தம்பி. கேட்டம். நீங்க பேசாம நிண்டீங்க."

ஷரிபுதீன் வாயைத் திறந்தார். மூடினார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் உண்மையாகவே வெறுமையை அடைந்திருந்தார்.

"அண்டைக்கு நீங்க ஆளப் பிழையாக் கேட்டீங்க, மரைக்காயர்."

எல்லாரும் திரும்பினார்கள். ஜெஸீமா. கையில் கனகசபாபதி குடிக்காமல் வைத்துவிட்டுப் போன கோப்பை இன்னும் இருந்தது. சீலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, ஆனால் சீலைக்குப் பின்னால் அல்ல, வேலிக்கு முன்னால் நின்றாள்.

"வளவு என்ட சீதனம். கிணறு என்ட வாப்பா வெட்டின. உப்பத் தள்ளி இறைச்ச நான். இவர் இந்த வீட்டுக்கு உடுப்புப் பெட்டியோட வந்தவர். இவர்ர பெட்டிய யாரும் கேட்டா இவர் சம்மதிக்கட்டும். கிணத்த ஏன் இவரிட்டக் கேட்டீங்க?"

"அப்பிடிப் போடு!" என்றாள் ஆமினா உம்மா, ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "ஒழுங்கை முழுக்க அள்ளினது ஜெஸீமாட வாப்பாட பக்கத்தாலதான். நான் குடம் தூக்கின பாதை எனக்குத் தெரியாதா? பொம்பிளைகள யாரு கேட்ட?"

பெரிய மரைக்காயர் தாடியைத் தடவினார். இந்த ஊரில் வீடு யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? அவரும் தன் மனைவியின் வீட்டில் இருப்பவர்தான். அன்றைக்கு இரவு அங்கேதான் சாப்பிடப் போகவும் வேண்டும்.

"சரி புள்ள," என்றார் கடைசியில். "இப்ப உன்னட்டக் கேக்கன். இந்த வேலிக்கு நீ சம்மதமா?"

நிக்காஹ்வின்போது அவளிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். தலையைக் குனிந்து சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அதன் பலனாகக் கிடைத்தவர்தான் பக்கத்தில் சாரனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இல்ல," என்றாள் ஜெஸீமா.

அடுத்த வெள்ளிக்கிழமை கட்டையைப் பிடுங்கிக் கிணற்றுக்கு அங்கால் மூன்று முழத்தில் அடித்தார்கள். ஸைனுலாப்தீன் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார். ஜெஸீமா முதல் வாளியை இறைத்துத் தன் காலில் ஊற்றிக்கொண்டாள், இரண்டாவதைக் குடித்தாள்.

ஷரிபுதீன்? அவர் திரும்பவும் தலையணையில் ஏறிவிட்டார். இப்போது அவரைக் காண வருகிறவர்களிடம் இந்தக் கிணற்றைத்தான் உதாரணம் காட்டுகிறார். "பாருங்க, நான் புடிச்சுக்கல்ல. விட்டன். தானா வந்திச்சு." புன்னகை. ஜெஸீமா உள்ளேயிருந்து வாளியைச் சத்தமாக வைப்பாள். அவருக்கு அது கேட்காது. சலனமில்லாதவர் அல்லவா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் கறுப்புத் தலையணையும் இல்லை, பித்தளை மணியும் இல்லை, தேநீர் ஊற்றும் கிழவரின் படம் போட்டால் பாதியில் எழும்பிப் போய்விடுவீர்கள். நல்லது. ஆனால் ஒன்று. இதை நீங்கள் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து உள்ளேயிருந்து யாரோ ஒருவர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். முதல்தடவை "ம்" என்றீர்கள். இரண்டாம்தடவை அதுவும் இல்லை. கூப்பிடுகிறவர் வாசலுக்கே வந்து ஏதோ கேட்கிறார், நீங்கள் கடைசி வரியை முடித்துவிட்டு எழும்பலாம் என்று முகத்தில் ஒரு புன்னகையோடு இருக்கிறீர்கள்.

சரி. பேசாமல் இருக்கிறீர்கள். சம்மதம் என்றே அவர் எடுத்துக்கொள்ளட்டும்.